கிளாம்பாக்கத்தில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? சிக்கல் வாரியாக வழி

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் என் போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிடும். எங்கள் ஊர்க்காரர் யாரோ கிளாம்பாக்கத்தில் நிற்கிறார், அல்லது அங்கே நிற்க வேண்டியவர் வேறெங்கோ நிற்கிறார். சென்னையின் தெற்கு ஓரத்தில் கிளாம்பாக்கத்தில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தது. அடுத்த சில வாரங்களில் தென் மாவட்ட வண்டிகள் கோயம்பேட்டிலிருந்து இங்கே வந்துவிட்டன. அன்றிலிருந்து மாதம் இரண்டு முறையாவது இந்த வழியாகத்தான் நான் ஊருக்குப் போய்வருகிறேன். சொந்தக்காரர்களுக்கு நான்தான் கண்ட்ரோல் ரூம். சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்து எழுதி வைத்தது இது.

முதலிலேயே ஒன்று. முனையத்தைத் திட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் கோளாறு முனையத்துக்குள் இல்லை. டிக்கெட்டில் படிக்காமல் விட்ட ஒரு வரியில் இருக்கும், இல்லையென்றால் பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே இருக்கும். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். சும்மா சரியாகிற காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், காசு செலவாகிறது கடைசியில்.

## சிக்கல் 1: வந்து இறங்கிவிட்டேன், இங்கே என் ஊர் வண்டியே இல்லை

சுற்றிலும் பேருந்து நிலையமே தெரியவில்லை என்றால் நீங்கள் கேளம்பாக்கத்தில் இருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள். ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டு ஊருக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். கிளாம்பாக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் (திருச்சி போகும் நெடுஞ்சாலை) வண்டலூரை ஒட்டி இருக்கிறது. கேளம்பாக்கம் பழைய மாமல்லபுரம் சாலையான ஓ.எம்.ஆரில். என் சித்தப்பா துரைப்பாக்கத்திலிருந்து கார் பிடித்தார், டிரைவரும் பேச்சுவாக்கில் கேட்டபடி அடித்துவிட்டார். இரவு எட்டேகாலுக்கு எனக்குப் போன்: "டேய், இங்க டீக்கடை இருக்கு, பிரியாணிக் கடை இருக்கு, பஸ் ஸ்டாண்ட மட்டும் காணோம்டா." வண்டி ஒன்பது மணிக்கு.

பரிகாரம்: வண்டியை விட்டு இறங்காதீர்கள். அதே காரில் வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையைப் பிடியுங்கள். நேரே வண்டலூரில் கொண்டுவந்து விடும். கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர், அங்கிருந்து முனையம் பக்கம்தான். காரை அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாம்பரம் போகும் பேருந்தில் "வண்டலூர் வழியா?" என்று கேட்டு ஏறுங்கள். மேடவாக்கம் வழியாகப் போகிறதும் உண்டு, அதில் ஏறினால் ஊரைச் சுற்றுவீர்கள். (சித்தப்பா ஒன்பது மணி வண்டியைப் பிடித்துவிட்டார். அது அரைமணி தாமதம்.)

பெரிய நிலையம்தான், ஆனால் ஊர் வண்டி இல்லை என்றால் நிற்பது கோயம்பேடாகவோ மாதவரமாகவோ இருக்கும். டிக்கெட்டை எடுத்து ஏறும் இடம் என்ற வரியைப் படியுங்கள். பொதுவான பங்கீடு இது: திருச்சி, மதுரை, நெல்லை, நாகர்கோவில், சேலம், கோவை, தஞ்சை, கும்பகோணம் எல்லாம் கிளாம்பாக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் புதுச்சேரி, வேளாங்கண்ணி வண்டிகளும், பூந்தமல்லி வழியாகப் போகும் வேலூர், காஞ்சிபுரம், பெங்களூரு வண்டிகளும் கோயம்பேட்டில் தங்கிவிட்டன. ஆந்திரா பக்கம் மாதவரம். ஆனால் மாதவரத்திலிருந்து நேரே கிளம்பும் தென்மாவட்ட வண்டிகளும் சில உண்டு, புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் இரண்டு வழி இருக்கிறது. அதனால் ஊர்ப்பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிக்கெட்டில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறதோ அதுதான் முடிவு.

கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கம் 30 கிலோமீட்டர் சொச்சம். வண்டிக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் 70வி மாநகரப் பேருந்து போதும். ஒன்றரை மணி இருந்தால் மெட்ரோ பிடித்து விமான நிலையம் போய், சுரங்கப்பாதை வழியாகத் திரிசூலம் ரயில் நிலையத்துக்கு மாறுங்கள், மீதி வழி சிக்கல் 2இல். ஒரு மணிக்கும் குறைவு, அதுவும் வெள்ளிக்கிழமை மாலை என்றால், கார் பிடித்தாலும் கிடைக்காது. அந்தக் காசை அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## சிக்கல் 2: நேரம் ஓடுகிறது, நான் இன்னும் வழியில்

பேருந்திலோ காரிலோ தாம்பரத்துக்கு முன்னால் நிற்கிறீர்கள் என்றால் ரயிலுக்கு மாறுவதுதான் மலிவானதும் வேகமானதும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாமே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய நிலையங்கள். இதில் ஒரே ஒரு கண்ணி இருக்கிறது. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்ரயில்களில் பல தாம்பரத்தோடு முடிந்துவிடும். செங்கல்பட்டு என்று போட்ட வண்டியில் ஏறுங்கள். டிக்கெட்டையும் தாம்பரத்துக்கு எடுக்காமல் ஊரப்பாக்கத்துக்கு எடுங்கள். ஆப்பில் கிளாம்பாக்கம் என்றே நிலையம் காட்டினால் அதற்கே எடுக்கலாம். வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கினால் ஷேர் ஆட்டோ, மாநகரப் பேருந்து இரண்டும் உண்டு. மூட்டை இல்லாவிட்டால் நடந்தே போய்விடலாம். ரயில் பாதை சாலைக்கு ஒரு பக்கம், முனையம் மறுபக்கம். ஜி.எஸ்.டி. சாலையைக் குறுக்கே ஓடிக் கடக்கிற வேலை மட்டும் வேண்டாம். அங்கே வண்டிகள் ஊருக்குப் போகிற அவசரத்தில் வருகின்றன.

தாம்பரம் தாண்டிவிட்டீர்கள், பெருங்களத்தூரில் அசையவில்லை என்றால் இருந்த இடத்திலேயே இருங்கள். இறங்கி ஆட்டோ பிடித்தால் அதுவும் அதே சாலையில்தான் நிற்கும். நான் செய்து பார்த்தேன். நான் இறங்கிய பேருந்து என் ஆட்டோவுக்கு முன்னால் முனையத்துக்குள் போனது, கண்டக்டர் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்த நேரத்தில் உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது. முன்பதிவு செய்தவர்களுக்கு வண்டி எண்ணும் ஊழியரின் கைபேசி எண்ணும் குறுஞ்செய்தியில் வந்திருந்தால், கூப்பிட்டு, "சார், பெருங்களத்தூர்ல இருக்கேன், ரெண்டு டிக்கெட்" என்று சொல்லுங்கள். உங்களுக்காக நிற்க மாட்டார்கள். ஆனால் அந்த வண்டியும் இதே நெரிசலில் சிக்கி இன்னும் உள்ளே வராமலே இருக்கலாம், அது தெரிந்தால் பாதி உயிர் வரும்.

வண்டி கிளம்பியே விட்டது என்றால் துரத்தாதீர்கள். கார் பிடித்து திண்டிவனத்தில் மறித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். காரும் பரனூர் சுங்கச்சாவடியில் நிற்க வேண்டும். விழுப்புரமோ திருச்சியோ போகும் வண்டியில் ஏறிவிடுவது அதைவிட மலிவு. சிக்கல் 4ஐப் பாருங்கள்.

## சிக்கல் 3: முனையத்துக்குள் இருக்கிறேன், என் வண்டியைக் காணோம்

இதற்குத்தான் அதிகப் போன் வரும். சரிபார்க்கும் வரிசை இது.

மாநகரப் பேருந்துப் பகுதியிலேயே நிற்கிறீர்களா? மாநகரப் பேருந்துகளுக்கு முனையம் தனி, வெளியூர் வண்டிகளுக்குத் தனி. சுற்றி எல்லாமே தாம்பரம், பிராட்வே என்று போர்டு போட்டிருந்தால் இடம் மாறி நிற்கிறீர்கள். முதியவர்களுக்கும் மூட்டைக்காரர்களுக்கும் பேட்டரி வண்டி உண்டு, கை காட்டினால் நிறுத்துவார்கள். முழங்கால் வலிக்காரர்களை நடக்கவிடாதீர்கள், முனையம் 88 ஏக்கர்.

விரைவுப் பேருந்தைத் தேடுகிறீர்களா, கோட்ட வண்டியைத் தேடுகிறீர்களா? ஒரே தளத்தில் முன்பதிவு செய்தாலும் வண்டி எஸ்.இ.டி.சி.யாக (அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம்) இருக்கும், அல்லது விழுப்புரம், கும்பகோணம், மதுரை என்று ஏதாவது ஒரு கோட்டத்தின் வண்டியாக இருக்கும். கழகத்தின் பெயர் டிக்கெட்டில் மேலேயே இருக்கும். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா விரைவுப் பேருந்து நிற்கும் நடைமேடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய வண்டி கும்பகோணம் கோட்டம். நான்கு நடைமேடை தள்ளி, எஞ்சின் ஓடிக்கொண்டு, நடத்துநர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி நின்றது.

தேதி சரியா? இதுதான் அநியாயத்துக்குக் காசு போகிற இடம். இரவு 12.15 வண்டிக்கு 14ஆம் தேதி என்று போட்டிருந்தால், நீங்கள் 13ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். 14ஆம் தேதி ராத்திரி வந்தால் உங்கள் வண்டி முந்தின ராத்திரியே போய், ஊரில் ஆளை இறக்கி, திரும்பியும் வந்திருக்கும். என் அத்தை மகன் படித்தவன், இன்ஜினியர், இதில் இரண்டு முறை விழுந்தான். வண்டி போன பிறகு ரத்து செய்ய வழியில்லை. நடுராத்திரி 12க்கும் 1க்கும் நடுவில் நேரம் போட்ட டிக்கெட்டைப் பார்த்தால் முந்தின நாள் காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள்.

எல்லாம் சரி, வண்டி மட்டும் வரவில்லை என்றால் பொறுங்கள். நீங்கள் ஏறப்போகும் வண்டி பெரும்பாலும் ஊரிலிருந்து வந்த வண்டிதான். அது வந்து, துடைத்து, ஓட்டுநர் டீ குடித்த பிறகே கிளம்பும். அரைமணி வரை சாதாரணம்.

அரைமணி தாண்டினால் டைம் ஆபீஸ், அதாவது வண்டிகளின் நேரத்தைக் குறிக்கும் அலுவலகம். பக்கத்தில் நிற்கிற பயணியையோ கடைக்காரரையோ கேட்டுச் சுற்றாதீர்கள், அவர்கள் நல்ல மனதோடு தப்பாகச் சொல்வார்கள். டைம் கீப்பரிடம் "மதுரை வண்டி எங்கே?" என்று கேட்டால் பதில் வராது, மதுரைக்கு அந்த நேரத்தில் பத்து வண்டி. டிக்கெட்டை நீட்டி, வழித்தடக் குறியீட்டையும் நேரத்தையும் காட்டுங்கள். வண்டி ரத்து என்றால் மாற்று வண்டியில் ஏற்றிவிடச் சொல்லி அங்கேயே கேளுங்கள், நகர்ந்துவிட்டால் கதை முடிந்தது. அங்கும் பதில் இல்லையென்றால் 1800 599 1500, அரசுப் பேருந்துகளுக்கான கட்டணமில்லா எண்.

ஆம்னி பேருந்து என்றால் டைம் ஆபீஸ் ஒன்றும் செய்ய முடியாது. ஆம்னி பகுதிக்குப் போய் அந்த நிறுவனத்தின் ஆளைப் பிடிக்க வேண்டும்.

## சிக்கல் 4: முன்பதிவு இல்லை, கூட்டமோ தலைக்கு மேல்

பொங்கல், தீபாவளி, தொடர் விடுமுறை. நேரே போகும் வண்டிக்காகக் காத்திருப்பவர்கள்தான் விடிய விடிய நிற்பார்கள்.

முதல் வழி, உடைத்துப் போவது. திண்டிவனம் வரை எல்லாருக்கும் ஒரே சாலை. அங்கேதான் புதுச்சேரியும் செஞ்சி, திருவண்ணாமலையும் பிரிகின்றன. விழுப்புரத்தில் பண்ருட்டி, கும்பகோணம் வழி பிரியும். உளுந்தூர்பேட்டையில் சேலம் தனியே போகும். அதனால் தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூர் போர்டுக்காக நிற்காமல் விழுப்புரம் வண்டியில் ஏறலாம், மதுரைக்காரர் திருச்சி வண்டியில் ஏறலாம். குறுந்தூர வண்டிகளில் இடம் சீக்கிரம் கிடைக்கும். திருச்சியில் மாறுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: 2025 முதல் தொலைதூர வண்டிகள் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போகின்றன. பழைய மத்தியப் பேருந்து நிலையம் என்று நினைத்துக் கண்ணசந்துவிடாதீர்கள்.

இரண்டாவது வழி நேரத்தை மாற்றுவது. மாலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை கூட்டம் கொதிக்கும். இரவு ஒரு மணிக்கு மேல் சிறப்புப் பேருந்துகள் காலியாக நிற்பதையும் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தை இல்லாதவர்கள் வீட்டில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வரலாம்.

மூன்றாவது, காசு கொடுத்து ஆம்னி. விலை கேட்டதும் தலை சுற்றினால், ஆப்பில் காட்டும் கட்டணத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை வாங்கிய பிறகும் புகார் செய்யலாம். போக்குவரத்து ஆணையரகத்தின் எண் 1800 425 6151. வண்டி எண்ணும் ரசீதும் இல்லாமல் கூப்பிட்டால் புலம்பலாகத்தான் முடியும்.

வெளியே சாலையில் நின்று "மதுரை மதுரை" என்று கூவுகிற வேனில் மட்டும் ஏறாதீர்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் உங்கள் கையில் டிக்கெட்கூட இருக்காது.

## சிக்கல் 5: அதிகாலை மூன்று மணிக்கு இறக்கிவிட்டார்கள், வீட்டுக்குப் போக வழியில்லை

ஊரிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்பினால் இதுதான் நடக்கும். சாலை நன்றாக இருப்பதும் ஒரு தொல்லை.

அவசரம் இல்லையா? உள்ளேயே உட்காருங்கள். விளக்கு, கழிப்பறை, காவலர், டீ எல்லாம் இருக்கிறது. நான்கு மணிக்கு மேல் புறநகர் ரயிலும் மாநகரப் பேருந்தும் பெருகிவிடும். அந்த ஒரு மணி நேரப் பொறுமையில் சில நூறு ரூபாய் மிச்சம். பெண்களுக்கு மாநகரச் சாதாரணக் கட்டணப் பேருந்தில் காசே இல்லை. டீலக்ஸில் ஏறிவிட்டுக் கேட்காதீர்கள்.

உடனே போக வேண்டுமா? இரவு மாநகரப் பேருந்தை முதலில் பாருங்கள். தாம்பரம் வரை போனால் போதும், அங்கிருந்து கிளைகள் நிறைய. அடுத்தது முன்கட்டண ஆட்டோ. கவுண்ட்டரில் சீட்டு வாங்கிவிட்டால் வழியில் பேரம் இல்லை. வாசலில் கையைப் பிடித்து இழுக்கிற ஆட்டோ கடைசி.

ஆப்பில் கார் போட்டால் டிரைவர் ரத்து செய்துகொண்டே இருக்கிறாரா? வரைபடத்தில் உங்கள் இடத்தைக் காட்டும் பின் (குறி) விழுந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பேருந்துகள் மட்டும் வரும் தடத்திலோ சாலையின் எதிர்ப்பக்கத்திலோ விழுந்திருக்கும், டிரைவர் அங்கே வர முடியாமல்தான் விட்டுவிட்டுப் போகிறார். தனியார் வண்டிகள் ஆள் ஏற்றும் வாசலுக்கு நடந்து வந்து, அங்கே நின்று பின்னைக் கையால் வைத்துவிட்டுப் போடுங்கள்.

தனியாக வந்த பெண்கள், யாராவது பின்னால் வருவதாகத் தோன்றினால், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள நேரம் செலவழிக்க வேண்டாம். நேரே காவலரிடம், அல்லது 112.

## சிக்கல் 6: காரில் வந்தேன், நகரவும் முடியவில்லை நிறுத்தவும் முடியவில்லை

ஆளை இறக்கிவிட மட்டும் என்றால் முனையம்வரை வராதீர்கள். இது என் பிடிவாதமான கருத்து, வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அப்பா அம்மாவைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினால் உங்களுக்கு ஒன்றரை மணி நேரமும் அவர்களுக்கு அரைமணி நேரமும் மிச்சம். நடக்க முடியாதவர்கள் என்றால் வாருங்கள். ஆனால் சாலையோரம் நிறுத்தி டிக்கியைத் திறக்காமல் முனையத்துக்குள் போய் இறக்குங்கள்.

காரை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டும் என்றால் அடித்தளத்தில் நிறுத்துமிடம் உண்டு, கார்களுக்குச் சில நூறு இடம்தான். பண்டிகை வாரத்தில் மதியத்துக்குள் வராவிட்டால் நம்ப முடியாது. நிறுத்திய தளத்தையும் தூணையும் போட்டோ எடுங்கள். மூன்று நாள் கழித்து அதிகாலையில் வந்து தேடும்போது எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரியும்.

முனையத்தில் வேலையே இல்லை, தாண்டிப் போக வேண்டும் என்றால் பண்டிகை நாளில் ஜி.எஸ்.டி. சாலைக்குள் வராமலே போகலாம். தெற்குச் சென்னைக்காரர்கள் ஓ.எம்.ஆரில் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு பிடியுங்கள். (கேளம்பாக்கம் உபயோகப்படுகிற ஒரே சந்தர்ப்பம்.) ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்கள் வெளிவட்டச் சாலையில் கடைசிவரை வந்தால் அது வண்டலூரில், நெரிசலின் நடு வயிற்றில் கொண்டுவந்து விடும். பெங்களூரு சாலையில் ஸ்ரீபெரும்புதூர் போய், ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவிலில் வந்து சேருங்கள். தூரம் கூடும், நேரம் குறையும்.

வண்டி சூடேறி நின்றுவிட்டால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, அரைமணி ஆறவிடுங்கள். திரும்பவும் சூடு காட்டும் முள் ஏறினால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். 1033, தேசிய நெடுஞ்சாலை உதவி எண். காயம், நெஞ்சுவலி என்றால் 108. பாஸ்டேக்கில் காசு இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பாருங்கள், பரனூரில் பார்த்தால் கூடுதல் கட்டணம்.

## சிக்கல் 7: பையை வண்டியிலேயே விட்டுவிட்டேன்

முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். வண்டி இன்னும் முனையத்துக்குள்ளேயே, ஆளை இறக்கிவிட்டு ஓரமாக நிற்கலாம். நடைமேடையில் தேடாதீர்கள், காலி வண்டிகள் நிற்கும் பக்கம் ஓடுங்கள். கிடைக்கவில்லையா, டைம் ஆபீஸில் டிக்கெட்டைக் காட்டுங்கள். வண்டி எண் இருந்தால் எந்தப் பணிமனை என்று சொல்லி, அங்கே போன் போட்டும் தருவார்கள். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருந்தால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அதனால் நான் வீடு போய்ச் சேரும்வரை டிக்கெட்டைச் சட்டைப்பையில்தான் வைத்திருப்பேன்.

நகை, பணம், லேப்டாப் என்றால் அலைந்துகொண்டிருக்காமல் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். துணிப்பை, ஊர் முறுக்கு என்றால் மறுநாள் அதே வண்டி திரும்பி வரும் நேரத்தைக் கேட்டு வந்து நில்லுங்கள். எங்கள் வீட்டு முறுக்குத் தூக்கு இப்படி ஒரு முறை திரும்பி வந்தது. தூக்கு முழுசு, முறுக்கு பாதி.